சிறைக்குள் போகும் கடிதம்

(அதியன்னூரில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தபாலும் தொழிலாளியும்’. நான் ரயில்வே கிளார்க். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ரயிலில் தபால் மூட்டை ஏறுவதைப் பார்த்தவன் என்பதால் தபாலைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். தபாலைப் பற்றிப் பொதுவாக நான் பேசப்போவதில்லை. ஜெயிலுக்குள் போகிற கடிதத்தைப் பற்றியும், ஜெயிலில் இருந்து நமக்கு வருகிற கடிதத்தைப் பற்றியும் மட்டும் பேசப்போகிறேன்.

ஜெயில் என்ற சொல்லைக் கேட்டவுடன் பின்வரிசையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித் திருப்பிக்கொண்டவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே பேசினால் அது யோக்கியமாக இருக்காது.

சில வருஷங்களுக்கு முன்பு மார்த்தாண்டம் பக்கத்துப் பையன் ஒருவன் இங்கே கட்டட வேலைக்கு வந்திருந்தான். கொத்தனாருக்குக் கையாள். நம் சங்கத்தில் சந்தா கட்டியவன். வேலை நடந்த இடத்தில் கம்பி காணாமல் போயிற்று. அவனையும் இன்னும் இரண்டு பேரையும் போலீஸ் பிடித்தது. ரிமாண்ட் ஆகி ஒரு ஜெயிலுக்குப் போனான். நமக்குத் தகவல் இல்லை. ‘ஊருக்குப் போயிருப்பான்’ என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் ஆபீஸுக்கு என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே ஜெயில் முத்திரை. அவன் ஏன் ரயில்வே ஸ்டேஷன் முகவரிக்கு எழுதினான் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஆட்கள் இருக்கும் வாடகை அறை வருஷத்துக்கு மூன்று தடவை மாறும். மாறாத முகவரி ஸ்டேஷன் ஒன்றுதான். அது மட்டும்தான் அவனுக்கு நினைவில் இருந்தது.

தபாலைக் கொண்டுவந்து வைத்தவர் முத்திரையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன், வீட்டில் இரண்டு பிள்ளைகள். கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து வேறு ஒரு பழைய ரசீதைத் தேடும்போது அது கையில் தட்டுப்பட்டது. பிரித்தேன். அரைப் பக்கம்தான். “அண்ணே, ஜாமீன் ஆர்டர் ஆயாச்சு. ரெண்டு ஆள் ஜாமீன் நிக்கணுமாம். அத்தானிடம் ஒரு வார்த்தை சொன்னால் வந்திருவாரு. அவருக்குப் போன் இல்லை. வீட்டு அடையாளம் கீழே எழுதியிருக்கேன்.” இவ்வளவுதான்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். அத்தான் நல்ல மனுஷன். தீர்வை ரசீதை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினார். ஆனால் நிலம் தமிழ்நாட்டில் இருக்கிறது, இங்கே உள்ள ஆள்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு மலையாளி சாயக்கடைக்காரர் கரம் அடைத்த ரசீதோடு வந்தார். அவருக்குத் தெரிந்த இன்னொருவரும் வந்தார். இப்படி இன்னும் பதினோரு நாள் போயிற்று.

வெளியே வந்தவன் என் காலைப் பிடித்து அழவில்லை, கோபிக்கவுமில்லை. ஒரு கேள்விதான் கேட்டான்: “கடுதாசி கிட்டலையாண்ணே?”

“கிட்டிச்சு” என்றேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

பதினோரு நாளை நான் சட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். பத்தொன்பது நாள் என் கணக்கு. அன்றிலிருந்துதான் இந்த வேலையை எடுத்துச் செய்கிறேன்.

தோழர்களே, ஜெயிலில் இருப்பவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மத்திய சர்க்கார் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை. குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. இவர்களில் காசும் ஆளும் உள்ளவன் ஜாமீனில் போய்விடுகிறான். காசும் ஆளும் இல்லாதவன் உள்ளே கிடக்கிறான். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இரண்டுமே இல்லை.

‘இங்கே உள்ள ஆள்தான் ஜாமீன் நிற்க வேண்டும்’ என்பது நம் கழுத்தில் கட்டிய கல். ஆனால் இந்தக் கல்லை உச்சநீதிமன்றம் 1978லேயே அவிழ்த்து வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பதினோரு நாளில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். அதனால் எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்று ஒரு கொத்தனார். நம் ஜாதித் தொழிலாளி. அவருக்கு ஜாமீன் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். மோத்தி ராமின் சகோதரர் வந்தபோது அவர் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். ஒரு மலையாளியோ தமிழனோ கன்னடக்காரனோ நாட்டின் வேறொரு மூலையில் கைதானால் அங்கே நிலமுள்ள ஜாமீன்தாரரை எங்கே போய்த் தேடுவான் என்று அதில் கேட்டார். வேறு ஜில்லா, வேறு மாநிலம் என்ற காரணத்துக்காக ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது என்றார். ஆயிரம் ரூபாய்க்கு மோத்தி ராமின் சொந்தப் பத்திரத்தையே ஏற்று விடச் சொன்னார்.

இந்தக் கிருஷ்ணய்யர் யார்? 1915ல் பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்தவர். தலைச்சேரியில் தொழிலாளிகளுக்காக வாதாடிய வக்கீல். 1948ல் அவரையே ஜெயிலில் வைத்தார்கள். 1957ல் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சிறைத்துறையையும் சேர்த்துப் பார்த்த மந்திரி. ஜெயிலை உள்ளிருந்தும் பார்த்தவர், மேலிருந்தும் பார்த்தவர். அப்படிப்பட்டவர் கையில் கடிதம் ஒன்று கிடைத்தால் என்ன ஆகும்?

1979ல் ஆயிற்று. டில்லி திஹார் ஜெயிலில் சுனில் பத்ரா என்ற கைதி, மரண தண்டனை விதிக்கப்பட்டவர். பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியை வார்டர் ஒருவர் பணம் கேட்டுச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை, பீஸ் இல்லை. அந்தக் கடிதத்தையே கோர்ட் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கில்தான் கைதிகள் குறை எழுதிப் போடுவதற்கு ஜெயிலுக்குள் பெட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தன் தலைக்கு மேலே தூக்குக்கயிறு தொங்கும்போது இன்னொருவனுக்காகக் கடிதம் எழுதிய மனுஷன் அவர். நான் ஆபீசில் பயந்து இழுப்பறையைப் பூட்டியதை அதோடு சேர்த்துப் பார்க்கும்போது தலை குனிகிறது.

இன்னொன்று. 1986ல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவிச் சங்கம் நடத்திய டி. கே. பாசு, போலீஸ் லாக்கப்பில் நடக்கும் சாவுகளைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவே வழக்காகி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதிலே உண்டு. நம் பையன் கைதானபோது இது நடந்திருந்தால் அவன் ஸ்டேஷன் முகவரியை நினைவுபடுத்திக்கொண்டு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

கடிதம் எழுதியும் பதில் வராத கதையும் இந்தக் கேரள மண்ணில் உண்டு. அதை மறைத்துப் பேசக்கூடாது. 1976 மார்ச் மாதம், அவசரநிலைக் காலம். கோழிக்கோடு ரீஜினல் இன்ஜினீயரிங் காலேஜ் மாணவன் ராஜனைப் போலீஸ் கொண்டுபோனது. அப்பா ஈச்சர வாரியர் ஒரு இந்திப் பேராசிரியர். என் மகன் எங்கே என்று கேட்டு அதிகாரிகளுக்கும் மந்திரிகளுக்கும் மனு மேல் மனு எழுதினார். பதில் இல்லை. 1977ல் அவசரநிலை நீங்கியதும் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அதன் விளைவாக ஒரு முதல் மந்திரியே பதவி விலக நேர்ந்தது. மகன் மட்டும் கிடைக்கவில்லை. அவர் எழுதிய மனுக்களுக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை என்பது உண்மை. ஆனால் தேதி போட்டு எழுதிய காகிதம் இருந்ததால்தான் பின்னாலே கோர்ட்டில் ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற பேச்சு நிற்கவில்லை.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். இது நம் கதை, பிழைக்கப் போன தமிழனின் கதை.

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளையை 1908 ஜூலையில் தண்டித்தார்கள். இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது. முதலில் கோயமுத்தூர் ஜெயில், அங்கே செக்கிழுத்தார். பிறகு கண்ணூர் ஜெயில். ஆமாம், நாம் இன்று கூலி வேலைக்குப் போகிற அதே கண்ணூர். 1912 டிசம்பரில் அங்கிருந்துதான் வெளியே வந்தார். தூத்துக்குடியில் அவர் பின்னால் ஆயிரக்கணக்கில் நின்றவர்கள் அன்றைக்கு ஜெயில் வாசலில் இல்லை. கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு கஷ்டப்பட்டார்.

ஆனால் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவரை மறக்கவில்லை. கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலியாகப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், சில்லறை வியாபாரிகள். அவர்களே அங்கே காந்தியோடு சேர்ந்து ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலில் நோயாகி வெளியே வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்டதெல்லாம் அந்தப் போராட்டத்தில்தான். அப்படிப்பட்டவர்கள் சிதம்பரம் பிள்ளைக்கென்று பணம் திரட்டினார்கள். பணம் காந்தியிடம் வந்தது. ஆனால் அது சிதம்பரம் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. 1915ல் காந்தி இந்தியா திரும்பிய பிறகு, பணம் வந்ததா என்று அவரே கேட்க, வரவில்லை என்று இவர் சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து மாதக் கணக்கில் நடந்தது. 1916 தொடக்கத்தில் பணம் கிடைத்தது. எவ்வளவு? 347 ரூபாய் 12 அணா. இந்தக் கணக்கைத் தேடி எடுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

நான் கிளார்க். எனக்கு அந்தப் 12 அணாதான் மனதில் நிற்கிறது. யாரோ ஒருவர் கொடுத்த அணாவும் கணக்கில் விடுபடவில்லை. ஆனால் அந்தப் பணம் அவர் ஜெயிலில் இருந்தபோது, குடும்பம் தவித்தபோது வந்திருந்தால்? கொடுத்தவர்கள் மனசும் பெரிது, வாங்கிக் கொடுத்தவர் நேர்மையும் பெரிது. இடையில் எழுதிக் கேட்க ஆளில்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. என் இழுப்பறையில் பத்தொன்பது நாள். அங்கே வருஷக் கணக்கு. ஆகவே பணம் அனுப்பினாலும் சரி, கடிதம் போட்டாலும் சரி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு இன்னொரு கடிதம் போடுவதையும் நாம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது காரியத்துக்கு வருவோம். ‘இப்போது போன் வந்துவிட்டதே, கடிதம் எதற்கு?’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்கலாம். கேரளத்து ஜெயில்களில் கைதி வீட்டுக்குப் போன் பேச வழி செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மூலம் முகம் பார்த்துப் பேசும் இ-முலாகாத்தும் வந்திருக்கிறது. நல்லது, பயன்படுத்துங்கள். ஆனால் போன் எண்ணைச் சரிபார்த்துப் பதிந்த பிறகுதான் பேச முடியும். நம் வீட்டுப் பெண்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பேசக் கிடைப்பதும் சில நிமிஷம். முதல் நிமிஷம் அழுகையில் போகும், மிச்சம் ‘சாப்பிட்டியா, சாப்பிட்டியா’ என்பதில் போகும். கடிதம் அப்படியல்ல. தலைமாட்டில் வைத்துக்கொண்டு பத்துத் தடவை படிக்கலாம். வெளியே வந்த ஒருவர் என்னிடம் சொன்னார், ராத்திரி விளக்கு மங்கலாக இருக்கும், எழுத்துத் தெரியாது, ஆனாலும் கையில் வைத்துக்கொண்டு படுப்பேன் என்று. தென்னாப்பிரிக்காவின் ரோபன் தீவில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி, அதுவும் 500 வார்த்தைக்குள். அதையும் தணிக்கை செய்து வெட்டிக் கொடுப்பார்கள். அவ்வளவு பெரிய சர்க்காருக்கே ஒரு காகிதத்தைப் பார்த்துப் பயம் இருந்திருக்கிறது.

எப்படி எழுதுவது? முகவரிதான் முக்கியம். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், ரிமாண்டா தண்டனையா என்பது, ‘மேற்பார்வையாளர் மூலம்’ என்று எழுதி ஜெயிலின் பெயர், பின்கோடு. நம் ஆட்களில் முருகனும் செல்வராஜும் ஒரே ஜெயிலில் நாலு பேர் இருப்பார்கள். எண் இல்லாவிட்டால் கடிதம் வேறு முருகனுக்குப் போய்விடும். உங்கள் முகவரியையும் பின்னால் முழுசாக எழுத வேண்டும். அறை மாறுகிறவர்கள் சங்கத்தின் முகவரியைப் போடலாம். ஸ்டேஷன் முகவரி வேண்டுமென்றால் என் பெயருக்கே போடுங்கள். இப்போது நான் மேசை மேலேயே வைத்துப் பிரிக்கிறேன்.

தேதி போடுங்கள். கடிதத்துக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். உள்ளே இருப்பவருக்கு 4ஆம் கடிதம் வந்து 3ஆம் கடிதம் வரவில்லை என்றால், நடுவில் ஒன்று போய்விட்டது என்று தெரியும். தெரியாவிட்டால் ‘வீட்டில் மறந்துவிட்டார்கள்’ என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பு மனுஷனைக் கொன்றுவிடும்.

வழக்கைப் பற்றிக் கடிதத்தில் எழுதக்கூடாது. ஜெயிலுக்குள் போகும் கடிதத்தை அதிகாரி படித்த பிறகுதான் கொடுப்பார்கள். யார் என்ன செய்தார், யார் சாட்சி என்பதெல்லாம் வக்கீலிடம் நேரில் பேச வேண்டிய விஷயம். கவருக்குள் நோட்டு வைக்கக்கூடாது. கைதியின் கணக்கில் பணம் கட்ட முறை இருக்கிறது, ஜெயில் ஆபீசில் கேட்டு அதன்படி கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேறென்ன எழுதுவது என்று ஒரு அக்கா கேட்டார். “கஷ்டத்தை எழுதினா அவரு மனசு ஒடிஞ்சிரும், நல்லதுன்னு எழுத ஒண்ணும் இல்லியே தம்பி” என்றார். அவர் வீட்டு ஆடு குட்டி போட்டிருந்தது. அதை எழுதச் சொன்னேன். இரண்டு குட்டி, ஒன்று கறுப்பு, ஒன்று நெற்றியில் வெள்ளை. அடுத்த கடிதத்தில் அவர் கேட்டிருந்தது முழுக்க ஆட்டைப் பற்றித்தான். கூரை ஒழுகுகிறது என்றால் அதையும் எழுதலாம். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாமல் ஒளித்தால், வெளியே வந்து பார்க்கும்போது அவருக்கு அது இரண்டாவது தண்டனையாகிவிடும். ஆனால் கூரை ஒழுகுகிறது என்று எழுதினால், யார் வந்து ஓலை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இங்கே நம்மிடையே ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. பிள்ளை மலையாளம் மீடியத்தில் படிக்கிறது, தமிழ் பேசும், எழுதத் தெரியாது. பிள்ளை என்ன செய்தது தெரியுமா? தமிழை மலையாள எழுத்தில் எழுதி அனுப்பியது. உள்ளே பக்கத்தில் இருந்த ஒரு மலையாளி நண்பர் அதை வாய்விட்டுப் படிக்க, அப்பன் உட்கார்ந்து கேட்டான். படித்தவருக்கு அர்த்தம் பாதிதான் புரிந்தது, கேட்டவனுக்கு முழுசும் புரிந்தது. இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் பத்துக் கூட்டத்தில் கத்தியும் நடக்காதது, அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு நடந்தது. அந்தப் பிள்ளையின் அம்மாவே முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

‘திருடினவனுக்கும் அடித்தவனுக்கும் எதற்கையா கடிதம்?’ என்று கேட்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். நேராகவே பதில் சொல்கிறேன். தண்டனை என்பது நடமாட்டத்தைப் பறிப்பது. பெண்டாட்டி பிள்ளையின் நினைவையும் பறிப்பது அல்ல. தவறு செய்தவனும் ஒருநாள் வெளியே வந்து இந்தத் தெருவில்தான் நடக்கப்போகிறான். யாருமே எழுதாத ஆளாக வருவதைவிட நாலு பேர் எழுதிய ஆளாக வருவது தெருவுக்கும் நல்லது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தன்னை அடித்துக் கையை ஒடித்தவனுக்கு எழுத வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் யாரும் வற்புறுத்தக் கூடாது. ‘நீ ஒரு வரி எழுதினால் அவன் திருந்துவான்’ என்று பெரியவர்கள் போய்ப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அது தப்பு. அவனுக்கு எழுத வேண்டுமானால் சங்கத்தில் ஒரு ஆண்பிள்ளை எழுதட்டும். அந்தப் பெண்ணின் முகவரி அதில் வரவே கூடாது.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அப்படிச் சொல்கிறது. போன் எண் 15100. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479ஆம் பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதி நாள் விசாரணைக் கைதியாகவே கழிந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனையே பெறாத முதல் தடவைக்காரர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது இல்லை, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இல்லை. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுதுவது ஜெயில் மேற்பார்வையாளரின் கடமை. ஆனாலும் நாமும் ஒரு கடிதம் போட்டு நினைவுபடுத்தலாம். அப்புறம், 2023 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் மேற்பார்வையாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்ற நிபந்தனையைக் கோர்ட்டுகள் போடாமல் இருப்பது நல்லது. அந்தத் தேதியையும் மோத்தி ராம் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நம் ஆட்கள் பையில் வைத்திருந்தால் வக்கீலிடம் காட்டலாம்.

வளைகுடாவில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே யாராவது சிறைப்பட்டால் இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள், வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையப் பதிவிலும் புகார் பதியலாம். பாஸ்போர்ட் எண் இல்லாமல் எழுதினால் காரியம் நடப்பது கஷ்டம். ஆகவே ஊரிலிருந்து ஆள் புறப்படும்போதே நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பார்த்தவர். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ரயில்வேக்காரர்கள் ஜெயிலுக்குப் போன சமயம். குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியே தள்ளிய சமயம். அவர் சொன்னார்: “எங்க தெருவிலே கைதான வீட்டுக்கு அரிசி கொடுத்தவங்க இருந்தாங்க தம்பி, அதை மறக்கல. ஆனா ஜெயில்லே எனக்கு வந்த ஒரே இன்லண்டு லெட்டர், யூனியன்லே எனக்கு எதிரா நின்னவன் எழுதினது. அதை இன்னும் வச்சிருக்கேன்.” என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல. உன் சைக்கிளை நான் என் வீட்டுத் திண்ணையிலே ஏத்தி வச்சிருக்கேன், மழையிலே நனையாதுன்னு எழுதியிருந்தான்.”

ஜோலார்பேட்டை என்றால் நமக்கு ஜங்ஷன். அந்த ஊர் அற்புதம்மாளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகன் பேரறிவாளன் 1991 ஜூனில் 19 வயதில் கைதானார். 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த வழக்கின் சரி தப்பை நான் இங்கே பேச வரவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு தாய் பையைத் தூக்கிக்கொண்டு ஜெயில் வாசலுக்கு நடந்தார், அந்த மகன் உள்ளே இருந்து எழுதிய முறையீட்டு மடல் புத்தகமாக வந்து நாடு முழுக்கப் படித்தார்கள். எழுத ஒரு பேனாவும் வெளியே கொண்டுவர ஓர் ஆளும் இருந்ததால் அது நடந்தது. நம்மில் உள்ளே இருப்பவர்களுக்கு அவ்வளவு பெரிய பெயர் கிடையாது. அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

நம் சங்கத்துக்குத் தெரிந்து இப்போது உள்ளே இருப்பவர்களின் பட்டியலைச் செயலாளர் வைத்திருக்கிறார். மேடையில் பெயர் படிக்கமாட்டோம். இனி மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பத்து மணிக்கு இதே இடத்தில் ஒரு மேசை போடப்படும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர மூன்று பேர் இருப்போம், அதில் ஒருவர் பெண். சொல்வதை அப்படியே எழுதுவோம், வெளியே சொல்லமாட்டோம். இன்லண்டு லெட்டரும் கவரும் சங்கச் செலவு. யாரும் எழுத இல்லாத கைதிகள் இரண்டு பேர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

வரும்போது கைதி எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். எண் தெரியாதவர்கள் கோர்ட் காகிதம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், அதிலிருந்து கண்டுபிடிக்கப் பார்ப்போம். தபால் திங்கட்கிழமை காலை வண்டிக்கு முன்னால் பெட்டியில் விழுந்தாக வேண்டும். அதனால் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் அடுத்த தடவைக்குத்தான்.